ஸ்கேல் மாடலுக்கு வண்ணம் பூச என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கிட்டை நேர்த்தியாக ஒட்டி முடிப்பவர்கள்கூட வண்ணம் என்றதும் தயங்கி நிற்கிறார்கள். ஒரே பச்சைக்குப் பல நிறுவனங்களின் புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தின்னர், விலையோ கொஞ்சமில்லை. எதை வாங்குவது, எதை விடுவது என்று புரிவதற்குள் ஆர்வமே வடிந்துவிடுகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இந்தப் பக்கம். விமானம், டாங்கி, கப்பல், கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுக்கு ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (உண்மை அளவில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைப் பிடித்துக்கொள்கிறேன். சின்ன கிட், நிறைய பேர் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இதுதான் என் முதல் கிட். எதையெல்லாம் வாங்கியே ஆக வேண்டும்?

1940-இல் நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்று வைத்துக்கொள்வோம். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன் என்ற பழுப்பும் பச்சையும். அடியில் ஸ்கை என்ற வெளிர்பச்சை. விமானி உட்காரும் இடத்துக்கு ஒரு சாம்பல் பச்சை. டயருக்கும் புரொப்பெல்லருக்கும் கறுப்பு. ஐந்து நிறம் போதும். கூடவே, அந்த வண்ணத்துக்கே உரிய தின்னர் பெரிய புட்டியாக ஒன்று, வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமர் ஸ்பிரே ஒன்று, வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்க மாஸ்கிங் டேப் ஒரு சுருள், பளபளப்பு வார்னிஷ் ஒன்று, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒன்று, மூன்று பிரஷ்.

மிச்சமெல்லாம் வீட்டிலேயே இருக்கும். கலக்கப் பல்குத்தும் குச்சி, துடைக்க காது குடையும் பட்ஸ், வண்ணம் விட்டுக்கொள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு, அளக்க இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி, பாகங்களைப் பிடித்துக்கொள்ளத் துணி கிளிப். சொட்டுக் கணக்கில் தின்னர் விட ஊசி இல்லாத சிரிஞ்ச் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

சில கிட்கள் சிறு வண்ணக் குப்பிகள், பிரஷ், பசை எல்லாம் சேர்ந்த தொடக்கப் பெட்டியாகவும் வருகின்றன. முதல் முயற்சிக்கு அது வசதிதான். அதை வாங்கினாலும் நல்ல பிரஷ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பணம் குறைவு என்றால் நிறங்களைக் குறையுங்கள், ஒரு வார்னிஷ்ஷைத் தள்ளிப்போடுங்கள். தின்னரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தின்னருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? புட்டியில் இருப்பதை அப்படியே பூசினால் என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72 ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை சுமார் 15.6 சென்டிமீட்டர். அதன் மேல் நீங்கள் பூசும் வண்ணம் 0.1 மில்லிமீட்டர் தடித்தாலே, உண்மையான விமானத்தில் அது 7.2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். எந்த விமானத்திலும் அப்படி வண்ணம் இருக்காது. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகளும் ஆணித் தலைகளும் அந்தப் படலத்துக்கு அடியில் மூழ்கிப்போகும். மாடல் பொம்மையைப் போலத் தெரிவதற்கு நிறம் தவறியது காரணமாக இருப்பது குறைவு. தடிமன்தான் பெரும்பாலும் காரணம்.

அதனால்தான் மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று முறை பூசச் சொல்கிறோம். வண்ணத்தை மெல்லியதாக்கி, பிளாஸ்டிக்கின் மேல் சமமாகப் பரவவிட்டு, அப்புறம் சுவடில்லாமல் ஆவியாகிப் போவது தின்னரின் வேலை. பிரஷ்ஷும், காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷும் அதற்கு அடுத்தபடிதான். வண்ணத்தையும் தின்னரையும் ஒரே குடும்பமாக வாங்குங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம்.

அக்ரிலிக், எனாமல், லாக்கர்: மூன்றில் எது நல்லது?

மூன்றும் காயும் விதத்தில் வேறுபடுகின்றன. அதைப் புரிந்துகொண்டால் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

லாக்கரில் கரைப்பான் ஆவியாகிறது, அவ்வளவுதான். சில நிமிடங்களில் தொட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்வதால் டேப் ஒட்டி உரித்தாலும் பெயர்ந்து வராது. ஜப்பானின் மிஸ்டர் கலர், அதே நாட்டு டமியா நிறுவனத்தின் எல்பி வரிசை, டமியாவின் டிஎஸ் ஸ்பிரே எல்லாம் இந்த வகை. ஏர்பிரஷ்ஷில் இதற்கு இணை இல்லை. ஆனால் நெடி கடுமையானது. மூடிய அறையில் தொடவே கூடாது. பிரஷ்ஷால் பூசினால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கலக்கிவிடும்.

எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. இங்கிலாந்தின் ஹம்ப்ரால், 14 மில்லி தகர டப்பாவில் வருவது, தலைமுறை தலைமுறையாகப் பழகிய பெயர். மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடம் தானாகவே சமன்படும். முழுதும் இறுக நாள் கணக்காகும். டேப் ஒட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு முழு நாளாவது விடுங்கள்.

அக்ரிலிக் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை ஆல்கஹால் கலந்த கரைப்பானில் இருக்கிறது; தண்ணீரில் கழுவலாம், ஆனால் தண்ணீர் அதற்கு இயல்பான தின்னர் இல்லை. ஸ்பெயினின் வல்லேஹோ போன்றவை முழுக்கத் தண்ணீரில் மிதக்கும் வண்ணம். முன்னது ஏர்பிரஷ்ஷுக்கு அருமை, பிரஷ்ஷுக்குப் பழக்கம் வேண்டும். பின்னது பிரஷ்ஷுக்கு அருமை, ஆனால் பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் நகம் பட்டாலே உரிந்துவிடும்.

என் கணிப்பு இது. அடுக்குமாடி வீட்டில், பிரஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்களா? வல்லேஹோ வகை. ஏர்பிரஷ் இருக்கிறது, ஆனால் நெடி ஆகாது என்றால் டமியா அக்ரிலிக். காற்றோட்டமான தனி அறையும் சரியான முகமூடியும் இருந்தால் லாக்கர். அதற்குப் பழகியவர்கள் திரும்பி வருவது அரிது.

ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் தின்னரைப் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அங்கே விற்பதும் ஒரே பொருள் இல்லை.

டூகோ பெயின்டுக்குக் கலக்கும் என்சி தின்னர், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஐயமிருந்தால் கிட்டின் பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் பளபளப்பு மங்கி, தொட்டால் பிசுபிசுக்கும். காய்ந்தபின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். இதை மாடலின் மேல் போகும் எதிலும் கலக்காதீர்கள். ஏர்பிரஷ்ஷின் உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும் நல்ல மலிவான பொருள். அப்போதும் ரப்பர் வளையங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஊறி உப்பிவிடும்.

டர்பன்டைன் என்று பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன் எனாமலுக்கும் ஆயில் பெயின்டுக்கும் நன்றாகவே சேரும். பிரஷ் கழுவவும் அதுவே போதும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சர்க்யூட் போர்டு துடைக்க வாங்குவார்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு. டமியா அக்ரிலிக்கை இதால் நீர்க்கச் செய்யலாம், ஏர்பிரஷ்ஷைக் கழுவலாம். ஆனால் வேகமாக ஆவியாவதால் கோடையில் வண்ணம் நுனியிலேயே காய்ந்துவிடும். டமியாவின் சொந்தத் தின்னரான எக்ஸ்-20ஏ இன்னும் சீராக ஓடும். ஆல்கஹாலை வல்லேஹோவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். திரிந்து ரப்பர் கட்டியாகிவிடும். கிண்ணத்தில் நடந்தால் பரவாயில்லை, ஏர்பிரஷ்ஷுக்குள் நடந்தால் முழுக்கப் பிரித்துத்தான் கழுவ வேண்டும்.

மிஸ்டர் லெவலிங் தின்னர் என்று ஒன்று இருக்கிறது. மிஸ்டர் கலர் லாக்கருக்காகச் செய்தது, காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் அதிலேயே கலந்திருக்கும். டமியா அக்ரிலிக்கிலும் சேரும். சேர்த்தால் பூச்சு பட்டுப்போல விழும். நெடி லாக்கரின் நெடிதான், அதற்குரிய பாதுகாப்போடு பயன்படுத்துங்கள்.

எவ்வளவு தின்னர் கலக்க வேண்டும்? அளவு சொல்லுங்கள்.

விகிதத்தைவிடப் பதத்தைப் பார்ப்பதே மேல். ஒரே புட்டி இந்த மாதம் ஒரு கெட்டியில் இருக்கும், ஆறு மாதம் கழித்து வேறு கெட்டியில் இருக்கும். ஏர்பிரஷ்ஷுக்குப் பாலின் பதம் என்பார்கள். கலந்த வண்ணத்தைக் குச்சியால் கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஏற்றி விடுங்கள். மெல்லிய படலமாக இறங்கி, ஏறிய இடத்தில் சாயம் மட்டும் ஒளிபுகும்படி நிற்க வேண்டும். கொழகொழவென்று நின்றால் இன்னும் தின்னர் வேண்டும். சாயமே நிற்காமல் ஓடிவிட்டால் அதிகமாகிவிட்டது.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால், டமியா அக்ரிலிக்கில் வண்ணமும் தின்னரும் சரிபாதி. லாக்கரில் ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பிரஷ்ஷுக்கு வல்லேஹோ என்றால் தட்டில் விட்ட வண்ணத்தோடு ஈரப் பிரஷ்ஷால் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர். மாடலுக்கு முன் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனில் பூசிப் பாருங்கள். அதன் வளைவு விமானத்தின் உடலைப் போலவே இருப்பதால் வண்ணம் வழிகிறதா என்பதையும் அதிலேயே கண்டுவிடலாம்.

பிரஷ்ஷால் பூசினால் கோடு கோடாகத் தெரிகிறது. பிரஷ்ஷை மாற்ற வேண்டுமா?

பிரஷ்ஷும் ஒரு காரணம், ஆனால் கை போகும் விதம்தான் பெரிய காரணம். வண்ணம் பாதி காய்ந்த நிலையில் மறுபடி அதே இடத்தில் பிரஷ் போனால் படலம் கிழிந்து சுருளும். டமியா அக்ரிலிக்கில் இது சட்டென்று நடக்கும். பிரஷ்ஷில் வண்ணத்தை எடுத்து, தட்டின் ஓரத்தில் பாதியை விட்டுவிட்டு, இறக்கையின் நீளவாக்கில் ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு அதன் ஈரமான ஓரத்தைத் தொட்டபடி. இடையில் திட்டுத் திட்டாகப் பிளாஸ்டிக் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். முதல் பூச்சு அசிங்கமாகத்தான் இருக்கும். நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு குறுக்குவாக்கில். மூன்றாவதில் நிரம்பிவிடும். டமியாவே விற்கும் ரிட்டார்டரைச் சில சொட்டுச் சேர்த்தால் காய்வது தாமதமாகி, தடம் சமன்பட நேரம் கிடைக்கும்.

நம் ஊர் வெயிலில் மின்விசிறிக்கு அடியில் பூசினால் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். விசிறியை நிறுத்துங்கள். தண்ணீர் சார்ந்த வண்ணங்களுக்கு ஈரத் தட்டு செய்துகொள்ளலாம்: மூடி உள்ள டப்பாவில் நனைத்த டிஷ்யூ இரண்டு மடிப்பு, அதன் மேல் கேக் சுடப் பயன்படுத்தும் பட்டர் பேப்பர். அதன் மேல் விட்ட வண்ணம் மணிக்கணக்கில் உலராது. மெழுகு பூசிய தாள் வேண்டாம், ஈரத்தை மேலே விடாது.

எந்தப் பிரஷ்?

அகலமான பரப்புக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள மென்மையான சிந்தெடிக் தட்டைப் பிரஷ். பொதுவான வேலைக்கு 2-ஆம் எண் உருண்டைப் பிரஷ். நுண்ணிய வேலைக்கு 0 அல்லது 1. மூன்று பூஜ்யம், ஐந்து பூஜ்யம் என்று முடி இரண்டு மட்டும் இருக்கும் பிரஷ்களைத் தேடி ஓட வேண்டாம். அதில் எடுத்த வண்ணம் மாடலைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர்மையான நுனி இருந்தால் 1-ஆம் எண் பிரஷ்ஷாலேயே விமானியின் கண்ணை வரையலாம்.

கொலின்ஸ்கி சேபிள் முடியால் செய்த பிரஷ் விலை அதிகம், நுனி அப்படியே நிற்கும். வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 இதில் புகழ்பெற்றது. 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்ட வரிசை. ஒன்று வாங்கினால் தண்ணீர் சார்ந்த வண்ணத்துக்கும் ஆயில் பெயின்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரஷ்ஷானாலும் உலோகக் கழுத்து வரை வண்ணத்தில் முக்கக் கூடாது. உள்ளே காய்ந்த வண்ணம் முடியை விரித்துவிடும், பிறகு நுனி சேரவே சேராது. வேலை முடிந்ததும் சோப்பில் கழுவி, விரலால் நுனி கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

பிரைமர் கட்டாயமா?

லாக்கருக்குக் கட்டாயமில்லை. தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்குக் கட்டாயம். மற்றவற்றுக்கு நல்லது. வண்ணத்துக்குப் பிடிமானம் தருவதோடு, சாம்பல் பூச்சு விழுந்ததும் ஒட்டிய இடங்களின் இடுக்கும் கீறலும் பளிச்சென்று தெரிந்துவிடும். அப்போதே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடலாம்.

மிஸ்டர் சர்ஃபேசர் என்ற பிரைமரில் 500, 1000, 1200, 1500 என்று எண்கள் இருக்கும். எண் கூடக்கூடப் பரப்பு நைசாகும். 500 இடுக்கை நிரப்ப, 1000 பொது வேலைக்கு, 1500 பளபளப்பான காருக்கும் உலோக நிறத்துக்கும். கார் கடைகளில் கிடைக்கும் பிரைமர் ஸ்பிரேயும் பலருக்கு உதவுகிறது. ஆனால் டப்பாவுக்கு டப்பா கரைப்பான் மாறும், கிட்டில் மிஞ்சிய சட்டத்தில் அடித்துப் பார்க்காமல் மாடலில் அடிக்காதீர்கள். எதைப் பூசுவதற்கும் முன் பாத்திரம் துலக்கும் திரவத்தில் மாடலைக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து பாகம் கழன்றுவர இடும் எண்ணெயும் விரல் பிசுக்கும் போக வேண்டும்.

ஏர்பிரஷ் எப்போது வாங்கலாம்? எதை வாங்குவது?

பிரஷ்ஷில் சில மாடல்கள் முடித்து, இந்தப் பொழுதுபோக்கு நிலைக்கும் என்று தோன்றியபின் வாங்குங்கள். வாங்கும்போது இரட்டைச் செயல் விசையும், வண்ணக் கிண்ணம் மேலே இருக்கும் அமைப்பும் உள்ளதாகப் பாருங்கள். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். இரண்டும் தனித்தனியாக உங்கள் விரலில் இருக்கும். நாசில் 0.3 மில்லிமீட்டர் எல்லாவற்றுக்கும் நடுவானது. 0.2 நுண்கோடுகளுக்கு, ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 0.5 பிரைமருக்கும் வார்னிஷ்ஷுக்கும்.

ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் இரண்டும் வாழ்நாள் கருவிகள். விலை குறைந்தவற்றிலும் வேலை நடக்கும். நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: ஊசியும் நாசிலும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா? கீழே விழுந்து ஊசி நுனி வளைந்தால் நேர்க்கோடு வராது, பொரிப்பொரியாகத் தெறிக்கும். உதிரிபாகம் இல்லையென்றால் முழுக் கருவியும் வீண்.

அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 1 முதல் 1.4 பார். தூரம் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர். வண்ணம் பரப்பில் விழும்போது ஈரமாக மின்னி, சில நொடிகளில் மங்க வேண்டும். தூள் தூளாக விழுந்தால் தூரம் அதிகம் அல்லது தின்னர் குறைவு. பிளாஸ்டிக்கில் சிலந்திக் கால்போல ஓடினால் தின்னரோ காற்றோ அதிகம்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் போதாதா?

போதாது. காற்று துடித்துத் துடித்து வரும், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இருக்காது, பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். 3 லிட்டர் தொட்டியும் ரெகுலேட்டரும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் உள்ள சிறு கம்ப்ரசர் வேண்டும். தொட்டி இருந்தால் மோட்டார் விட்டு விட்டுத்தான் ஓடும், பக்கத்து வீட்டாருக்கும் தொல்லை குறையும். தொட்டியின் அடியில் உள்ள திருகை வேலை முடிந்ததும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

மழைக்காலத்தில் பூசிய பளபளப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?

லாக்கர் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெண்படலம். ஸ்பிரே டப்பாவில் இன்னும் அதிகம் வரும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பளபளப்பு வார்னிஷ் அடிப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது. குளிரூட்டிய அறை இருந்தால் அரை மணி நேரம் ஈரம் குறைந்தபின், அந்த இயந்திரத்தையும் அறையிலுள்ள எல்லா மின்கருவிகளையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து சட்டென்று அடித்து முடிக்கலாம். பூத்துவிட்டதா? லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் விட்டு லேசாக ஒரு சுற்று அடியுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கிட்டில் போட்டிருக்கும் வண்ண எண் என்னிடமுள்ள வண்ணத்தோடு பொருந்தவில்லையே?

ஏர்ஃபிக்ஸ் தாளில் ஹம்ப்ரால் எண்கள்தான் இருக்கும்: டார்க் எர்த் 29, டார்க் கிரீன் 30, ஸ்கை 90, காக்பிட் பச்சை 78. டமியாவில் இதே வேலைக்கு எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-21 என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்று அட்டவணைகள் நிறைய உண்டு. அவை ஏறக்குறையத்தான், அச்சொட்டாக இருக்காது. நம்பகமான வழி மூல நிறத்தின் பெயரைப் பிடிப்பது. பிரிட்டிஷ் தர எண் பிஎஸ் 381சி-யில் டார்க் எர்த் 450, டார்க் கிரீன் 641. எந்த நிறுவனத்தின் புட்டியிலும் இந்தப் பெயரோ எண்ணோ இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

அமெரிக்க விமானங்களுக்கு எஃப்எஸ் 595 என்ற நிறத் தரத்தின் ஐந்திலக்க எண். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் பளபளப்பு, 2 நடுத்தரம், 3 மேட். இரண்டாவது நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். 36375 என்று பார்த்தவுடன் மேட் சாம்பல் என்று தெரிந்துவிடும். 16375 என்றால் அதே நிறம் பளபளப்பாக.

ஒரு விஷயம். உண்மை விமானத்தின் நிறச்சீட்டோடு அப்படியே பொருந்தும் வண்ணம், கையளவு மாடலில் இருட்டாகத் தெரியும். தொலைவில் உள்ள பொருள் கண்ணுக்கு வெளிறித் தெரிவதற்குப் பழகியிருக்கிறோம். 1/72-இல் சில சொட்டு வெள்ளையோ வெளிர்சாம்பலோ சேர்ப்பது தவறில்லை. கறுப்புக்கும் அப்படித்தான், டயருக்குச் சுத்தக் கறுப்பைவிட அடர்சாம்பல் எவ்வளவோ உயிரோடு இருக்கும்.

மாஸ்கிங் டேப் எது?

டமியாவின் மஞ்சள் டேப், 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில். வீட்டுச் சுவருக்கு ஒட்டும் டேப்பின் ஓரம் நுணுக்கமாகப் பார்த்தால் பிசிறாக இருக்கும், பசையும் கனம். ஓரத்தைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, புது பிளேடால் சீவி எடுத்தபின் பயன்படுத்துங்கள். பூசும் முன் ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதலில் அடிநிறத்தையே ஒரு மெல்லிய கோட்டாக அடித்தால் கசிவு அடைபட்டுவிடும். உரிக்கும்போது டேப்பைத் தன்மேலேயே மடித்தபடி மெதுவாக இழுக்க வேண்டும்.

டெக்கல் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டும் முன் பளபளப்பு ஏன்? கடைசியில் மேட்தானே வேண்டும்?

மேட் பரப்பு என்பது நுண்ணிய மேடு பள்ளம். டெக்கலுக்கு அடியில் அந்தப் பள்ளங்களில் காற்று தங்கி வெள்ளி போல மினுங்கும். பளபளப்பான பரப்பில் காற்றுக்கு இடமில்லை. டமியா எக்ஸ்-22 போன்ற கிளியர் ஒரு பூச்சு, முழுதும் காய்ந்தபின் டெக்கல். டெக்கலுக்கென்றே உள்ள திரவங்களில் மைக்ரோ செட்டை ஒட்டும் முன் அடியிலும், மைக்ரோ சாலை ஒட்டியபின் மேலும் தடவினால் டெக்கல் இளகிப் பேனல் கோட்டுக்குள் இறங்கும். சால் பட்டதும் டெக்கல் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாதீர்கள், தானாகவே தட்டையாகிவிடும். எல்லாம் முடிந்தபின் மேட் வார்னிஷ்.

பேனல் கோடுகளைக் கருமையாக்க விலைகூடிய வாஷ் (கோட்டுக்குள் ஓடும் நீர்த்த வண்ணம்) வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓவியக் கடையில் கிடைக்கும் கேமல் ஆயில் கலர் குழாய்களில் பர்ன்ட் அம்பர் ஒன்று, கறுப்பு ஒன்று. இவற்றை அட்டைத் துண்டில் கொஞ்சம் பிதுக்கி ஒரு மணி நேரம் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, பளபளப்புப் பூச்சின் மேல் கோட்டை நுனிப் பிரஷ்ஷால் தொட்டாலே போதும். கோட்டின் வழியே தானாக ஓடும். அரை மணி கழித்துப் பட்ஸால், காற்றடிக்கும் திசையிலேயே, முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஆயுள் முழுக்கத் தீராத வாஷ் இது.

அடியில் அக்ரிலிக் அல்லது லாக்கர் இருக்க வேண்டும். எனாமல் பூசிய மாடலில் டர்பன்டைன் அந்த எனாமலையே கிளப்பிவிடும். பூச்சே இல்லாத பிளாஸ்டிக்கில், இறுக்கமாகச் செருகிய பாகங்களின் இடுக்கில் இது இறங்கினால் பாகம் விரிந்து உடையலாம். கன்டம் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ரோபோ மாடல்களைச் செய்பவர்கள் இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

வெறும் உலோக நிறத்துக்கு?

அல்கிளாட் போன்ற லாக்கர் உலோக வண்ணங்கள், பளபளப்புக் கறுப்பின் மேல், ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லியதாக. அடிப்பூச்சில் ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். பிரஷ்ஷால் இந்தத் தரம் வராது.

என்95 முகமூடி போதுமா?

தூசியும் துளியும் நிற்கும். கரைப்பான் ஆவி நிற்காது. லாக்கருக்கும் எனாமல் ஸ்பிரேக்கும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுக ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதன் முன்னால் துகள் வடிகட்டியும். போட்டிருக்கும்போதே நெடி தெரிந்தால் ஒன்று முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை (தாடி இருந்தால் பொருந்தாது), அல்லது கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. உள்ளிருக்கும் கரி சும்மா இருக்கும்போதும் காற்றிலுள்ளதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் ஜிப் பையில் போட்டு மூடி வையுங்கள், நாள் நீடிக்கும்.

தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கை ஏர்பிரஷ்ஷில் அடித்தாலும் நிறமியின் துகள் நுரையீரலுக்குப் போகும். அதற்கு என்95 போதும், ஆனால் கட்டாயம் போடுங்கள். இந்த ஆவிகள் தீப்பற்றும். சமையலறையிலோ சாமி விளக்கு எரியும் அறையிலோ ஸ்பிரே வேண்டாம். மூடிய பால்கனி திறந்த வெளி ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மொட்டை மாடிதான் சரி, மாலை வெயில் தணிந்த பிறகு. கழிவுத் தின்னரைச் சிங்கில் ஊற்றாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து மூடி வையுங்கள். வண்ணம் அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டிலிருந்து வண்ணம் வரவழைக்கலாமா?

ஸ்பிரே டப்பாக்களும் லாக்கரும் எனாமலும் விமானத்தில் ஆபத்தான சரக்கு. சாதாரண அஞ்சலில் ஏற்க மாட்டார்கள். தண்ணீர் சார்ந்தவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கரைப்பான் வண்ணங்களை உள்நாட்டுக் கடையில், விலை கொஞ்சம் கூடினாலும், தரைவழியாக அனுப்பச் சொல்லி வாங்குவதே நடைமுறை.

பூசியது பிடிக்கவில்லை. கழற்ற முடியுமா?

டமியா அக்ரிலிக் என்றால் எளிது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் தேய்த்தாலே வந்துவிடும். பெரிய பரப்பு என்றால் டப்பாவில் சில மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தீயிலிருந்து தள்ளி வையுங்கள். விமானியின் மேல்மூடி போன்ற கண்ணாடிப் பாகங்களை மட்டும் ஊறப்போடாமல் பட்ஸால் கவனமாகத் துடையுங்கள். வல்லேஹோவும் ஆல்கஹாலில் இளகித் தோலாக உரியும். லாக்கரைக் கரைக்கும் தின்னர் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். அங்கே 1000-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீரில் தேய்த்துச் சமன்செய்து, மேலே பிரைமர் போட்டு மறுபடி பூசுங்கள். நன்றாக இறுகிய எனாமலுக்கும் இதே வழிதான்.